உடும்புப் பிடியும் ஒரு தட்டுப் போளியும்

மராத்தியில் 'கோர்பட்' என்றால் உடும்பு. 1670-ல் தானாஜி மாலுசரேயின் வீரர்கள் சிங்கட் கோட்டையைப் பிடித்தபோது, உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பாறையில் ஏறவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனார்கள் என்று மகாராஷ்டிரத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். சரித்திரத்துக்கு அது சந்தேகமான கதை. ஆனால் உடும்பைப் போலவே கதையும் பிடியை விடவில்லை.

அந்தப் பிராணியை நினைவூட்டும் பெயருடன் புனே கண்டோன்மென்ட்டை ஒட்டி இருக்கிறது கோர்படி. ஒரு பக்கம் ரயில் தண்டவாளங்கள், லோகோ ஷெட். இன்னொரு பக்கம் ராணுவக் குடியிருப்புகள். நடுவே பழைய ஓட்டு வீடுகளும் அவற்றை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளும். 1817-ல் கட்கிப் போரில் பேஷ்வா தோற்ற பிறகு ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்ட்டும், பின்னால் வந்த ரயிலும் பல ஊர்க்காரர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. அவர்களில் தமிழர்களும் உண்டு. தெருவில் காய்கறி விலையை மராத்தியில் பேசி, வீட்டுக்குள் வந்ததும் தமிழில் அலுத்துக்கொள்ளும் குடும்பங்கள்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். கற்பனை வீடுதான், ஆனால் கோர்படியில் நாலு கதவைத் தட்டினால் கிடைக்காத வீடு அல்ல. கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கல்யாணமாகிக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த முதல் வருஷம் ஹோலி அன்று எதிர்வீட்டு மராத்திய அம்மாள் ஒரு தட்டில் இரண்டு புரண்போளியும், மேலே ஒரு கரண்டி நெய்யும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஏதோ ரசம் மாதிரி ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது கும்பகோணத்திலும் வழக்கம், கோர்படியிலும் வழக்கம். அவசரத்துக்கு ஒரு கை சர்க்கரையைப் போட்டுக் கொடுத்தாயிற்று. அடுத்த வருஷம் சர்க்கரை போதாது என்று தோன்றியது. எதிர்வீட்டுச் சமையலறையில் போய் நின்று கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஹோலிக்கு ஹோலி நாற்பது போளி.

இந்த வருஷம் மணிக்கட்டு வலி.

"கடையில வாங்கிடலாமே அம்மா. மகர்பட்டா பக்கத்திலேயே நல்லதா விக்கறான். பாக்கெட்டுல வருது, நாலு நாள் தாங்கும்" என்கிறாள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள்.

"நாம சாப்பிடறதுக்கு வாங்கிடலாம்டி. எதிர்வீட்டுத் தாயிக்குப் பாக்கெட்டையா நீட்டறது?"

இந்தச் சின்ன உரையாடலுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் செய்யும் பண்டம் எதற்காக? தின்பதற்கு என்றால் கடை போதும். சாமிக்கு என்றால் ஒன்றே ஒன்று போதும். நாற்பது எதற்கு?

அதற்குமுன் பண்டத்தைப் பார்த்துவிடலாம். 'புரண்' என்று மராத்தியர் சொல்வது, கொழுக்கட்டைக்குள் நாம் வைக்கும் பூரணம்தான். கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரணத்தை மெல்லிய கோதுமை மாவுக்குள் வைத்து மூடி, தட்டையாக இட்டு, கல்லில் சுட்டு எடுத்தால் புரண்போளி. கன்னடத்தில் ஹோளிகே, ஒப்பட்டு. தெலுங்கில் பொப்பட்லு, பக்ஷாலு. குஜராத்தில் துவரம்பருப்பில் செய்வார்கள். திருவனந்தபுரத்துக் கல்யாணப் பந்தியில் போளியைப் பால் பாயசத்தோடு பிசைந்து சாப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் போகிக்குப் போளி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்தில் எழுதப்பட்ட 'மானசோல்லாசம்' என்ற நூலிலேயே, இனிப்புப் பூரணம் வைத்துச் சுட்ட 'மண்டகம்' என்ற பண்டம் வருகிறது. இன்றைக்கும் ஜள்காவ், துளே பகுதிகளில் 'மாண்டே' என்ற பெயரில், கவிழ்த்துப் போட்ட மண்சட்டியின் மேல் வேட்டி போல விரித்துப் போட்டுச் சுடுகிறார்கள். அதற்குப் பூரிக்கட்டை கிடையாது. இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றி வீசியே விரிப்பார்கள்.

மராத்தியில் 'போளி' என்றால் பொதுவாகச் சப்பாத்தி. இனிப்பு உள்ளே போனால்தான் புரண்போளி. தமிழிலோ போளி என்றாலே இனிப்புதான். 1670-களில் சிவாஜியின் தம்பி வெங்கோஜி தஞ்சாவூரைக் கைப்பற்றியதிலிருந்து 1855 வரை அங்கே மராட்டியர் ஆட்சி நடந்தது. தஞ்சை மராட்டியர் வீடுகளில் புரண்போளி இன்றும் விசேஷப் பண்டம். ஆக, கும்பகோணத்துப் பெண் கோர்படிக்கு வந்து கற்றுக்கொண்டது அப்படியொன்றும் அந்நியமான பலகாரம் அல்ல. வாழையிலையில் எண்ணெய் தடவிக் கையால் தட்டிய பழக்கத்தை விட்டுவிட்டு, பலகையில் வைத்துக் கட்டையால் உருட்டப் பழகினார், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கால் கிலோ கடலைப்பருப்பு, கால் கிலோ வெல்லம், இருநூறு கிராம் கோதுமை மாவு. சுமாராகப் பத்துப் போளி வரும். பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, விரலால் நசுக்கினால் மசிகிற பதத்துக்கு வேகவைக்க வேண்டும். குழைந்து களியாகிவிடக் கூடாது. வெந்த பிறகுதான் வெல்லம். அவசரப்பட்டு முதலிலேயே வெல்லத்தைப் போட்டுவிட்டால் பருப்பு அதற்குமேல் வேகாது. வெல்லத்தில் இருக்கிற சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் பருப்பின் திசுவை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பல்லில் நறுக்கென்று அகப்படும்.

வெந்த பருப்பை வடிகட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. அதற்கு வேலை இருக்கிறது. வடித்த பருப்பில் வெல்லத்தைச் சேர்த்து அடி கனமான பாத்திரத்தில் கிளறினால், முதலில் வெல்லம் இளகித் தளதளவென்று ஆகும். பயந்துவிடக் கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் மெல்ல இறுகும். மராத்திய வீடுகளில் இதற்கு ஒரு பரீட்சை உண்டு. கரண்டியைப் பூரணத்தின் நடுவில் செங்குத்தாக நட்டு வைப்பார்கள். சாயாமல் நின்றால் பதம் சரி. சாய்ந்தால் இன்னும் ஐந்து நிமிஷம். ஏலக்காயும் ஜாதிக்காயும் சேர்த்துச் சூடு ஆறுவதற்குள் அரைத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் கல்லு மாதிரி ஆகிவிடும், அரைக்க வராது. முன்பெல்லாம் அம்மிதான். பிறகு 'புரண் யந்திரம்' வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் சல்லடைத் துளைகள் வழியே பூரணம் நூல் நூலாக இறங்கும். இப்போது மிக்ஸி. ஆனால் ஒரு முழுப்பருப்புகூடத் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள யந்திரம்தான் மேல் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே ஒரு பருப்பு உள்ளே இருந்தாலும் உருட்டும்போது அந்த இடத்தில்தான் போளி கிழியும்.

மாவு அதைவிடச் சூட்சுமம். கோதுமை மாவைத் துணியில் சலித்து, கொஞ்சம் மைதா, சிட்டிகை உப்பு, சிட்டிகை மஞ்சள் சேர்த்து, சப்பாத்திக்குப் பிசைவதைவிட நன்றாகத் தளரப் பிசைய வேண்டும். எண்ணெய் விட்டு விட்டு அடித்துப் பிசைந்து, இரண்டு மணி நேரம் மூடி வைத்துவிட வேண்டும். மாவுக்கு ஓய்வு கொடுப்பது சும்மா இல்லை. பிசையும்போது கோதுமையின் பசைப் புரதம் வலை போலப் பின்னி விறைத்துக்கொள்கிறது. ஓய்வில் அது இளகுகிறது. இளகிய மாவு இழுத்த இழுப்புக்கு வரும். விறைத்த மாவு ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும்.

கடைசியில் கணக்கு. மாவு எலுமிச்சம்பழ அளவு என்றால் பூரணம் அதைப்போல இரண்டு பங்கு. உள்ளே இருப்பது அதிகம், வெளியே மூடுவது குறைவு. அரிசி மாவைத் தூவி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல் உருட்ட வேண்டும். மேல்தோல் வழியாகப் பூரணத்தின் மஞ்சள் தெரிய வேண்டும், ஆனால் வெளியே வரக் கூடாது. நிதானமான சூட்டில் கல்லில் போட்டு, உப்பி வரும்போது திருப்பி, நெய் விட்டு எடுக்க வேண்டும்.

ஒரு போளிக்கு உருட்டவும் சுடவும் நாலைந்து நிமிஷம் ஆகும். நாற்பதுக்கு மூன்று மணி நேரம். அடுப்பு முன்னால் நின்றபடி. பருப்பு வேகவைத்தது, கிளறியது, அரைத்தது, பிசைந்தது இந்தக் கணக்கில் சேரவில்லை. மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

இவ்வளவு பாடும் ஏன் ஹோலிக்கு என்று கேட்டால், பதில் பஞ்சாங்கத்தில் மட்டும் இல்லை, வயலிலும் இருக்கிறது. ஹோலி பால்குன மாதப் பௌர்ணமி. நமக்கு மாசியிலோ பங்குனியிலோ வரும். மகாராஷ்டிரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த கொண்டைக்கடலையும் கோதுமையும் அறுவடையாகி வீட்டுக்கு வரும் சமயம் அது. கோலாப்பூர்ப் பக்கம் கரும்பு ஆடி முடியும் தறுவாயில் புது வெல்லம் சந்தைக்கு வந்திருக்கும். கடலை, கோதுமை, வெல்லம் மூன்றும் ஒரே சமயத்தில் புதிதாகக் கைக்கு வருகிற மாதம் இது. விவசாயி வீட்டில் அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் வருவது புரண்போளி. பொங்கலில் புது அரிசியும் புது வெல்லமும் சேர்வது போலத்தான்.

வீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு மெல்லிய இனிப்புத் தோசை சுடும் பழக்கம் இங்கு மட்டும் இல்லை. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இங்கிலாந்தில் 'பான்கேக்' நாள். நாற்பது நாள் நோன்பில் முட்டை, வெண்ணெய், பால் ஆகாது என்றிருந்த காலத்தில், வீட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் மாவில் கலந்து சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். பிரான்சில் பிப்ரவரி 2-ந் தேதி 'கிரெப்' சுடும்போது ஒரு கையில் காசை வைத்துக்கொண்டு மறு கையால் தோசையைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது வழக்கம். பிடித்துவிட்டால் அந்த வருஷம் கையில் காசு தங்குமாம். கோவாக் கத்தோலிக்கர் வீடுகளில் அதே மெல்லிய தோசைக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்துச் சுருட்டி 'அலெ பெலெ' என்பார்கள். புனே கண்டோன்மென்ட் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. 2025-ல் அந்தச் செவ்வாய்க்கிழமை மார்ச் 4-ந் தேதி வந்தது. ஹோலி மூட்டிய நாள் மார்ச் 13. ஒன்பதே நாள் இடைவெளியில் இரண்டு வழக்கங்களின் வெல்ல வாசனை.

ஆனால் புரண்போளிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் எதுவும் வீணாவதில்லை, எதுவும் ஒருவருக்காக மட்டும் இல்லை.

வடித்து வைத்த பருப்புத் தண்ணீர் நினைவிருக்கிறதா? மராத்தியில் அதற்குக் 'கட்' என்று பெயர். அதில் ஒரு கரண்டிப் பூரணத்தைக் கரைத்து, புளி, வறுத்தரைத்த கொப்பரை, 'கோடா' மசாலா சேர்த்து, கடுகு கறிவேப்பிலை தாளித்தால் 'கடாச்சி ஆம்டி'. முதல் வருஷம் தட்டோடு வந்த "ரசம் மாதிரி ஒன்று" இதுதான். இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக, போளியின் திகட்டலை அறுத்துப்போடும். மறுநாள் சூடு பண்ணினால் ருசி கூடும் என்று சொல்லாத மராத்தியப் பாட்டி கிடையாது.

ஆவணி வாக்கில், மராத்தியரின் சிராவண மாத அமாவாசையில் 'பைல் போளா' வரும். உழவு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, நுகத்தடியிலிருந்து ஒரு நாள் விடுதலை கொடுப்பார்கள். நம் மாட்டுப் பொங்கல் மாதிரி. அன்று முதல் புரண்போளி மாட்டுக்கு. உழைத்த ஜீவனுக்கு முதல் பங்கு என்பது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் அடுப்பு முன்னால் உழைத்த ஜீவனுக்கு எத்தனையாவது பங்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருக்கும்.

ஹோலி அன்று முதல் பங்கு நெருப்புக்கு. பௌர்ணமி மாலை தெருமுனையில் விறகையும் வறட்டியையும் அடுக்கி மூட்டுவார்கள். தமிழ்நாட்டில் அதே பருவத்தில் காமன் பண்டிகையில் காமனை எரிப்பதற்குச் சமமான சடங்கு. பையன்கள் புறங்கையால் வாயில் தட்டித் தட்டிக் கூச்சல் போடுவார்கள். பெண்கள் நெருப்பைச் சுற்றி வந்து நைவேத்தியமாகப் போளியைப் போடுவார்கள். தெருவுக்கு ஒரு நெருப்பு, ஒவ்வொரு நெருப்பிலும் வீட்டுக்கு ஒரு போளி, சில வீடுகள் ஒன்றுக்கு மேல். மூன்று மணி நேரம் நின்று சுட்ட பண்டம் மூன்று நிமிஷத்தில் கருகும்.

இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர்கள் மகாராஷ்டிரத்தில் இருந்தார்கள். 1989-ல் டாக்டர் நரேந்திர தாபோல்கர் தொடங்கிய 'மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதி', மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கம், ஹோலிக்கென்று ஒரு பிரசாரத்தை நடத்தியது. நெருப்பைச் சின்னதாக்குங்கள், போளியைத் தானமாகக் கொடுங்கள் என்பது அதன் சாரம். பண்டிகையை நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை. மரத்தை வெட்டிப் பெரிதாக எரிப்பதைக் குறைத்து, நெருப்பில் போடுகிற போளியை எங்களிடம் கொடுங்கள், பசித்தவர்களிடம் சேர்க்கிறோம் என்றார்கள். பல ஊர்களில் ஹோலி எரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று, தொண்டர்கள் போளிகளைக் கேட்டு வாங்கினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர், அதிலும் சுட்ட கை வலிக்கிறவர்கள், கொடுத்துவிட்டார்கள்.

தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ந் தேதி காலை புனேயில் நடந்துபோய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கருத்துகளில் பலவற்றோடு பலருக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் போளி விஷயத்தில் அவருடைய இயக்கம் கேட்டது சம்பிரதாயத்துக்கு விரோதமானது என்று சொல்வது கடினம். மாட்டுக்குக் கொடுப்பது, எதிர்வீட்டுக்குக் கொடுப்பது, ஊருக்குப் புதிதாக வந்து மொழி தெரியாமல் நிற்கிற பெண்ணுக்குக் கொடுப்பது எல்லாம் அந்தப் பண்டத்தின் பழைய குணம்தான். பசித்தவனையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள் என்றார்கள். நெருப்புக்கு ஒரு துண்டு கிள்ளிப் போட்டால் அக்னி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கோர்படி வீட்டுக் கேள்விக்கு இப்போது திரும்பலாம். செய்வதா, வாங்குவதா?

வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. புனேயில் வருஷம் முழுக்கப் போளி கிடைக்கிறது. அதைச் சுட்டு விற்பவர்களில் பலர் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள். தனியாக இருப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும், ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் அது ஒரு வரம். கடைப் போளியைத் தின்றதால் யாருடைய சம்பிரதாயமும் கெட்டுப்போகாது.

ஆனால் 'செய்வதா, வாங்குவதா' என்ற கேள்வியை வீட்டில் யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அம்மாவிடம்தான். செய்தால் அவர் செய்ய வேண்டும். முடியாவிட்டால் வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்களில் 100-க்கு 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிற பெண்கள் அதில் செலவிடுவது நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். இது சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாளைத் தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வரும் என்பதை அவரவர் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

போளி நிற்கிற இடம் இதுதான். கடை வந்ததாலோ, காலம் மாறியதாலோ வீட்டுப் போளி நின்றுபோவதில்லை. ஒரே ஒருத்தி செய்து, மற்றவர்கள் தின்றுகொண்டே இருந்தால், அந்த ஒருத்தியின் கை ஓய்கிற அன்று நின்றுபோகிறது. அதோடு கைப்பக்குவமும் போகிறது. கரண்டி நிற்கிற பதத்தையும், மாவு இழுத்த இழுப்புக்கு வருகிற தளர்ச்சியையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கைக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் நின்று நாலு போளியைக் கிழித்தாக வேண்டும்.

அந்த வீட்டில் இந்த வருஷம் என்ன நடந்தது என்று முடித்துக்கொள்ளலாம். மருமகன் புரண் யந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஈட்டிலேயே தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "இதையா அத்தை நீங்க வருஷா வருஷம் தனியா சுத்தினீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டார். கணவர் அடுப்பில் கரண்டியை நட்டுப் பார்த்தார், சாய்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி நட்டார், நின்றது. லோகோ ஷெட்டில் என்ஜின் கிளம்பியபோதுகூட அவருக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. மகள் உருட்டிய முதல் போளி வட்டமாக வரவில்லை. மகாராஷ்டிர வரைபடம் மாதிரி கிழக்கே நீண்டு போயிற்று. இரண்டாவது கிழிந்தது. ஐந்தாவது வட்டமாக வந்தது.

நாற்பது வரவில்லை. இருபத்திரண்டு வந்தது. நாலு பேர் செய்தும் ஒருத்தி தனியாகச் செய்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அம்மாவின் கைக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாரும் கொடுக்க முடியாது.

பேரன் ஒரு டப்பாவில் எட்டுப் போளியை எடுத்துக்கொண்டு கீழே போனான். ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளுக்குக் கொடுக்கப் பிள்ளைகள் சேர்ந்து சேகரிக்கிறார்களாம். நெருப்புக்கு வரைபடப் போளியிலிருந்து ஒரு துண்டு, விதர்ப்பா பகுதி மட்டும். மிச்சத்தில் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து, நெய் விட்டு, ஆம்டிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, மகள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தாயிக்கு இப்போது எழுபதுக்கு மேல். போளியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோல் வழியாக மஞ்சள் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

"இது வஹினி உருட்டினது இல்லையே" என்றார் மராத்தியில்.

"நான்தான் மாவ்ஷி. நல்லா இல்லையா?"

"ஓரம் தடிமன். அடுத்த வருஷம் சரியாகும்."

தட்டு திரும்பி வந்தபோது அதில் சர்க்கரை இல்லை. தாயியின் வீட்டுப் பித்தளைப் பூரிக்கட்டை இருந்தது. என் மணிக்கட்டும் போய்விட்டது, இனி இது அங்கே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.